அம்மாவின் அக்ரஹார, மகளின் நோய்

வார்ட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் தருவார்கள். டயக்னோசிஸ் காட். பெயர், வயது, வார்ட் இலக்கம், அனுமதித்த திகதி, வீடு போன திகதி, என்ன நோய், என்ன மருந்து, அடுத்த கிளினிக் எப்போது, கீழே டொக்டரின் கையெழுத்து. அடுத்த டொக்டர் பார்த்து வைத்தியம் செய்யத்தான் அந்தத் தாள் எழுதப்படுகிறது. வன்னியில் அது அடுத்த டொக்டரிடம் போவதற்கு முன்னரே வேறு ஐந்தாறு பேரின் கைக்குப் போய்விடுகிறது. அதற்குக் காரணம் காப்புறுதி.

வன்னியில் என்ன காப்புறுதி, ஆஸ்பத்திரி இலவசம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் கட்டிலுக்கும் மருந்துக்கும் காசில்லை என்பது உண்மை. ஆனால் வீட்டில் ஒருவர் அரச உத்தியோகம் பார்த்தால் அங்கே அக்ரஹார என்ற அரச ஊழியர் காப்புறுதி இருக்கிறது. ஆசிரியை, கிராம அலுவலர், அபிவிருத்தி உத்தியோகத்தர், கந்தோர் எழுதுநர் என்று யாராக இருந்தாலும் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகை கழிபடும். அதை நடத்துவது 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். கணவன் அல்லது மனைவி, மணமாகாத பிள்ளைகள் தங்கிவாழ்வோராக அதற்குள் வருவார்கள். அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகப் படுத்து எழும்பினாலும் இரவுக் கணக்கில் ஒரு தொகையை அக்ரஹார தரும். அந்தக் காசுக்காகத்தான் டயக்னோசிஸ் காட் பயணம் புறப்படுகிறது.

முல்லைத்தீவில் ஒரு ஆசிரியை, அவருக்கு 20 வயதில் ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். மகள் மூன்று நாள் மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வருகிறாள். அம்மா காட்டை எடுத்துக்கொண்டு போட்டோக்கொப்பி கடைக்குப் போகிறார். கடைத் தம்பி அதை இயந்திரத்தில் வைக்கும்போது வாசிக்காமல் இருக்கலாம், வாசிக்கவும் செய்யலாம். ஸ்கான் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தக் கடைக் கணினியிலும் ஒரு பிரதி தங்கிவிடும். அடுத்து விண்ணப்பப் படிவம். அதை நிறுவனத் தலைவர் உறுதிப்படுத்த வேண்டும், ஆசிரியைக்கு அது அதிபர். அதிபரின் மேசையில் இருந்து கந்தோர் எழுதுநரின் கோவைக்குப் போகும். சில இடங்களில் வலயக் கல்வி அலுவலகத்தையும் தொட்டுவிட்டுத்தான் கொழும்புக்குத் தபாலில் ஏறும். அந்த மகள் போன வருடம் வரை அதே பாடசாலையில் உயர்தரம் படித்தவளாக இருக்கலாம். அவளின் கர்ப்பப்பை நோயோ, நஞ்சருந்திய விவரமோ, மனநல மருந்தின் பெயரோ அவளுக்குப் படிப்பித்த ஒருவரின் மேசையில் திறந்தபடி கிடக்கும். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் படிவம் கேட்டதைத்தான் செய்தார்கள். அதனால்தான் இதைத் திருத்துவது கடினம்.

சட்டப்படி அவள் வளர்ந்தவள். 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இலங்கையில் பராய வயதை 21 இலிருந்து 18 ஆக்கியது. சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வைப்பதும் அவள்தான். காப்புறுதிப் படிவத்தில் மட்டும் அவள் இன்னும் அம்மாவின் தங்கிவாழ்வோர்.

இதில் எந்தக் கதவை மூட முடியும், எதை மூட முடியாது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அம்மாவின் காப்புறுதியில் அம்மாவுக்குத் தெரியாமல் காசு எடுக்க முடியாது, ஏனென்றால் கையெழுத்தும் வங்கிக் கணக்கும் அவருடையவை. பெற்றோரிடம் இருந்தே மறைக்க வேண்டிய ஒன்று என்றால் அந்தக் காப்புறுதியைத் தொடவே கூடாது. பெற்றோருக்குத் தெரிந்தால் பரவாயில்லை, கந்தோருக்கும் ஊருக்கும் போகக் கூடாது என்றால் செய்ய நிறைய வழி இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவதுதான் தேவை என்பது என் எண்ணம். ஆனால் யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய நேரம் துண்டு வெட்டுவதற்கு முன்னர். கிளெய்ம் போன பிறகு எதையும் திருப்பி எடுக்க முடியாது. எழுதிய காட்டில் நோயின் பெயரை மாற்றச் சொல்லி டொக்டரிடம் போனால் அவர் மறுப்பார், மறுப்பதுதான் சரி. அது பொய் ஆவணம் ஆகிவிடும். பிறகு வரும் டொக்டர் பிழையான மருந்து கொடுக்கவும் அது காரணமாகலாம்.

ஆகவே முதல் கணக்கு இது: இந்தக் கிளெய்முக்கு எவ்வளவு வரும், அது இந்தத் தாள் அத்தனை கை மாறுவதற்குப் பெறுமதியா? அரச வார்ட்டில் இரண்டு இரவு இருந்ததற்கு வரும் காசு ஒரு குடும்பத்தின் நிலையை மாற்றாது. யாழ்ப்பாணத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து லட்சக் கணக்கில் பில் வந்திருந்தால் அது வேறு கதை, அப்போது கேட்கத்தான் வேண்டும். சின்னத் தொகையை விட்டுவிட உரிமை உண்டு என்பதே பல அம்மாமாருக்குத் தோன்றுவதில்லை. சம்பளத்தில் கழித்த காசு, எடுக்காவிட்டால் நட்டம் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பு புரிகிறது. ஆனாலும் ஒரு இளம் பிள்ளையின் நோயை அந்தத் தொகைக்குக் கைமாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது கணக்கைப் பலர் கவனிப்பதே இல்லை. தனியார் கம்பனிகளின் குழுக் காப்புறுதியில் வழக்கமாகச் சில விலக்குகள் இருக்கும்: தனக்குத்தானே ஏற்படுத்திய காயம், பாலியல் நோய்கள், பல திட்டங்களில் மனநோய், சிலவற்றில் கர்ப்பம் சம்பந்தப்பட்டவை. ஒரு இளைஞர் அதிகம் மறைக்க விரும்பும் விஷயங்களும் இவையேதான். அப்பா வேலை செய்யும் இடத்தின் எச்.ஆர். பகுதிக்கு இந்தக் காட்டைக் கொடுத்தால், இரண்டு வாரத்தில் "பொருந்தாது" என்று கடிதம் வரும். காசும் வராது, விஷயமும் வெளியே போய்விடும். படிவத்தை நிரப்புவதற்கு முன்னர் விலக்குப் பட்டியலை வாசியுங்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவரிடம் கேட்கும்போது பட்டியலை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். "இந்த நோய்க்கு வருமா?" என்று கேட்டால் கேள்வியிலேயே விஷயம் வெளியே போய்விடும்.

கிளெய்ம் போடுவது என்று முடிவானால், படிவத்தில் யாருடைய கையெழுத்து எதற்கு என்று ஒவ்வொரு பகுதியாகப் பாருங்கள். இப்படியான படிவங்களில் உத்தியோகத்தர் நிரப்பும் பகுதி, நிறுவனத் தலைவர் உறுதிப்படுத்தும் பகுதி, வைத்தியர் நிரப்பும் பகுதி என்று வெவ்வேறாக இருக்கும். இவர் இங்கே வேலை செய்கிறார், கட்டுப்பணம் கழிபடுகிறது என்பதற்குத் தலைவர் மகளின் நோயை வாசிக்கத் தேவையில்லை. காட்டும் பில்களும் ஒரு உறையில், உறை ஒட்டப்பட்டு, மேலே "மருத்துவ ஆவணங்கள் – அந்தரங்கம்" என்று எழுதி, படிவத்தோடு பின் அடித்துக் கொடுங்கள். "சேர், உள்ளே பிள்ளையின் ரிப்போட் இருக்கு, கொழும்பிலதான் திறக்க வேணும்" என்று நேரில் ஒரு வார்த்தை சொன்னால், அதிபர்மாரில் பலர் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைப்பார்கள். வைத்தியர் பகுதி படிவத்திலேயே அச்சாகி இருந்தால், தலைவரின் கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டு டொக்டரிடம் கடைசியாகப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அந்த ஒரு தாளையாவது மடித்து மூடிக் கொடுங்கள். பிறகு பதிவுத் தபாலில் நீங்களே அனுப்புங்கள். கந்தோர்த் தட்டில் வைத்துவிட்டு வந்தால் அது எத்தனை நாள் அங்கே கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. பதிவுத் தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள், காசு வரும் வரை அதுதான் சாட்சி.

தனியார் காப்புறுதி அட்டை இன்னொரு மாதிரி வேலை செய்யும். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ தனியார் ஆஸ்பத்திரியில் சேரும்போது அட்டையைக் காட்டினால், ஆஸ்பத்திரி உடனே காப்புறுதிக் கம்பனிக்கு நோயின் பெயரை அனுப்பி அனுமதி கேட்கும். கம்பனி எஸ்.எம்.எஸ். அனுப்பும். அந்த எஸ்.எம்.எஸ். போவது காப்புறுதிதாரரின் போனுக்கு, அதாவது அப்பாவுக்கு. நோயின் பெயர் அதில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியின் பெயரும் திகதியும் தொகையும் போதும், மிச்சத்தை அப்பா கேட்டுவிடுவார். குடும்பம் முழுவதற்கும் ஒரே வருட எல்லை என்றால், மிச்சத் தொகை குறைந்ததே சொல்லிக் கொடுத்துவிடும். அட்டையை நீட்டுவதற்கு முன்னர் யோசியுங்கள். காசு கட்டி ரசீது வாங்கி வைத்துக்கொண்டால், கெடுவுக்குள் எப்போதும் கிளெய்ம் போடலாம். காட்டிய அட்டையைத் திரும்ப எடுக்க முடியாது.

ரசீதும் பேசும். சனல் பண்ணிய, அதாவது தனியாரில் டொக்டரைப் பார்க்கப் பதிந்த, ரசீதில் டொக்டரின் பெயருக்குக் கீழே "மனநல மருத்துவ நிபுணர்" என்று அச்சாகி இருக்கும். பாமசி பில்லில் "ஃபுளுஒக்செட்டின் 20 மி.கி." என்று ஒரு வரி இருந்தால் நோயின் பெயரே தேவையில்லை. வெளிநோயாளர் கிளெய்முக்கு இந்தப் பில்களை ஒவ்வொரு மாதமும் அப்பாவின் கந்தோருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் அதை ஒருமுறை நின்று வாசிக்க வேண்டும். அதே மருந்து அரச ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் இலவசம். பில் இல்லை, கிளெய்ம் இல்லை, எஸ்.எம்.எஸ். இல்லை. காப்புறுதியில் இருந்து ஒன்றை மறைக்க வேண்டுமானால் இந்த நாட்டில் சிறந்த வழி இலவச ஆஸ்பத்திரிதான்.

ஆனால் அங்கே வேறு ஒரு தொல்லை. கிளினிக் வாங்கில் இருக்கும்போது பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள், பக்கத்து வாங்கில் பெரியம்மா இருப்பார். பெயருக்குப் பதில் இலக்கத்தைக் கூப்பிடச் சொல்லி மிஸியிடம் (தாதியிடம்) முன்கூட்டியே கேட்கலாம். மறுப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. அது சரிவராவிட்டால் வேறு மாவட்டம். கிளிநொச்சிப் பிள்ளை ஏ9 வீதியில் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போகலாம், முல்லைத்தீவுப் பிள்ளை மாங்குளம் வந்து அங்கிருந்து எந்தப் பக்கமும் போகலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்களுக்குப் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் உண்டு. அங்கே போனால் அந்த விஷயம் வீட்டுக்குப் போகுமா என்று முதல் நாளே நேரடியாகக் கேளுங்கள்.

பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பவை அவை. கடிதம் தேவையில்லை, காசில்லை, அந்தரங்கம் காப்பது அங்கே வேலையின் ஒரு பகுதி. எச்.ஐ.வி. பரிசோதனையை வெளி ஆய்வுகூடத்தில் காசு கட்டிச் செய்து, அந்தப் பில்லை அப்பாவின் காப்புறுதியில் போடுவதைப் போல வீணான வேலை வேறில்லை. மனம் தாங்காத இரவில் பேச 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 இலிருந்து குற்றம் இல்லை. இதைத் தெரியாமல் பொலிஸுக்குப் பயந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிக்கும் வீடு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மொழியாலும் விஷயம் கசியும். வன்னி ஆஸ்பத்திரிகளில் சிங்கள டொக்டர்மார் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். டொக்டர் கேட்பதை மொழிபெயர்க்கக் கூட வந்த மாமாவையோ பக்கத்துக் கட்டில்காரரையோ கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. மாதவிடாய் எப்போது வந்தது, யாரோடாவது தொடர்பு உண்டா என்ற கேள்விகளை மாமா வழியாகக் கேட்டால் 19 வயதுப் பிள்ளை உண்மையைச் சொல்லுமா? பிழையான பதிலுக்குப் பிழையான மருந்து. "மிஸியை மட்டும் வரச் சொல்லுங்கோ" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

போன் வேலை சின்னது, ஆனால் உடனே செய்ய வேண்டியது. சனல் பண்ணும்போதும் இரத்தப் பரிசோதனைக்குப் பதியும்போதும் வீட்டில் வழக்கமாகக் கொடுக்கும் அம்மாவின் இலக்கத்தைக் கொடுக்காமல் உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள். பழைய பதிவில் அம்மாவின் இலக்கம் இருந்தால் கவுண்டரில் மாற்றச் சொல்லுங்கள், தானாக மாறாது. பூட்டிய திரையில் எஸ்.எம்.எஸ். தெரியாதபடி செட்டிங்கை மாற்றுங்கள். காப்புறுதிக் கம்பனியின் ஆப்பில் குடும்பத்தவர் எல்லோருடைய கிளெய்மும் ஒரே பக்கத்தில் தெரிகிறதா என்று அப்பாவின் போனில் ஒருமுறை பாருங்கள்.

கம்பனிக்குக் கடிதம் எழுதுவதும் பயன் தரும். நீளம் வேண்டாம்: "எனது தந்தையாரின் காப்புறுதியில் நான் தங்கிவாழ்வோராகப் பதிவாகியுள்ளேன். எனக்கு 18 வயது பூர்த்தியாகிவிட்டது. எனது உடல்நலம் தொடர்பான விவரங்களை எனது எழுத்துமூலச் சம்மதமின்றிக் காப்புறுதிதாரருக்கோ அவரது தொழில்தருநருக்கோ தெரிவிக்க வேண்டாம். கொடுப்பனவுத் தொகையை மட்டும் அவருக்கு அறிவித்தால் போதுமானது. ஏனைய கடிதங்களையும் குறுந்தகவல்களையும் கீழ்க்காணும் இலக்கத்துக்கும் முகவரிக்கும் அனுப்பவும்." அடையாள அட்டை இலக்கம், காப்புறுதி இலக்கம், கையெழுத்து, திகதி. ஆங்கிலப் பிரதி ஒன்றும் இணைத்தால் கொழும்பில் தேங்காது. கம்பனி எல்லாவற்றுக்கும் சம்மதிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது, அதை உடையவருக்கான உரிமைகளையும் குறிப்பிடுகிறது. கடிதத்தின் கடைசி வரியில் அந்தச் சட்டத்தின் பெயரை எழுதிவிடுங்கள். அரச கந்தோர்களைப் பொறுத்தவரை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமே, ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கொடுக்க மறுக்கலாம் என்று 5 ஆம் பிரிவில் சொல்கிறது.

இணையத்தில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்க அறிவுரை. அமெரிக்காவில் 2010 இல் வந்த சட்டத்தால் பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்புறுதியில் இருக்கலாம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு விளக்கக் கடிதம் பெற்றோருக்குப் போகும். அதை வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க அங்கே சட்டத்தில் இடம் உண்டு. கலிபோர்னியாவில் 2022 ஜூலையில் இருந்து சில அந்தரங்கமான சிகிச்சைகளுக்கு அந்தக் கடிதம் நோயாளிக்குத்தான் போக வேண்டும். அங்கே இருக்கும் மச்சாளுக்கு இது உதவும். அந்தப் படிவத்தை இறக்கி இங்கே நிரப்பினால் ஒன்றும் நடக்காது.

மச்சாளைச் சொன்னதும் இன்னொன்று. வைத்தியத்துக்குக் காசு அனுப்புவது பல வீடுகளில் வெளிநாட்டுச் சித்தப்பா. "ரிப்போட்டைப் படம் எடுத்து அனுப்பு" என்று அவர் கேட்பது அக்கறையில்தான். அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து, ரொறொன்ரோவில் இருந்து சுவிஸ் வரை ஒரே இரவில் போய்ச் சேரும். பில்லின் மொத்தத் தொகை உள்ள பகுதியை மட்டும் படம் எடுங்கள். நோயைப் பற்றிக் கேட்டால் பிள்ளையே போனில் சொல்லட்டும், சொல்ல விரும்பினால்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. 2009 ஐக் கடந்து வந்த ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பது தாங்க முடியாதது. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்துகொள்ளும் வழி காப்புறுதிப் படிவமாக இருந்தால், அடுத்த முறை பிள்ளை ஆஸ்பத்திரிக்கே போகாது. "இந்தக் கிளெய்மைப் போடவா, விடவா?" என்று படிவத்தை எடுப்பதற்கு முன்னர் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு மறுபக்கமும் உண்டு. நாளைக்கு வேலை கிடைத்துச் சொந்தமாகக் காப்புறுதி எடுக்கும்போது, முன்மொழிவுப் படிவத்தில் பழைய நோய்களைக் கேட்பார்கள். அங்கே மறைக்கக் கூடாது. மறைத்தது பின்னால் தெரிந்தால் பெரிய கிளெய்ம் ஒன்று வரும் நாளில் காப்புறுதியையே செல்லாததாக்கிவிடுவார்கள். ஊரிடம் சொல்லாமல் இருப்பது உரிமை. காப்புறுதி ஒப்பந்தத்தில் பொய் எழுதுவது அதில் அடங்காது.

மிச்சம் வீட்டில் இருக்கும் தாள்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் முக்கியமான பத்திரங்கள் எல்லாம் ஒரே பையில் இருக்கும்: பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், எல்லோருடைய கிளினிக் கொப்பிகளும். எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வரும் என்று கட்டி வைத்த பழக்கம் இன்னும் போகவில்லை. காணி அலுவலுக்கு யாராவது அந்தப் பையைத் திறந்தால் உங்கள் காட்டும் வெளியே வரும். உங்கள் கொப்பியையும் காட்டையும் ரிப்போட்டுகளையும் எடுத்துத் தனி உறையில் போட்டு, உங்கள் சான்றிதழ்க் கோவைக்குள் வையுங்கள். எரிக்கவோ கிழிக்கவோ வேண்டாம். அடுத்த கிளினிக்கில் டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.